புழுதியும் ஒரு பள்ளிக்கூடம்தான்!

(பட்டிமன்றத் தலைப்பு: சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அறிவு வளர்வது பெரிதும் புத்தகப் பையிலா? புழுதித் தெருவிலா? 'புழுதித் தெருவிலே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய கோவில்பட்டிப் பகுதித் தொடக்கப்பள்ளி ஆசிரியையின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டுப் போன என் அணியினரே! எங்களோடு மோதுவதற்காகவே காலையிலிருந்து வாயில் கற்கண்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பெரியோர்களே, தாய்மார்களே, 'எப்பம்மா முடியும்?' என்று அம்மா மடியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சின்னஞ்சிறு செல்வங்களே!

நடுவர் அவர்களே, முன்வரிசையிலே ஒரு பொடியன். எதிரணித் தலைவர் பேசிய நேரம் முழுக்க அவன் நாற்காலிக்கு அடியில் புகுந்து புகுந்து போனான். ஒவ்வொரு நாற்காலியையும் தொட்டு எண்ணினான். இவர் மேடையிலே, 'எண்ணைச் சொல்லிக்கொடுப்பது புத்தகம்தான்' என்று மேசையைத் தட்டுகிறார். கீழே அவன் பதினேழு வரைக்கும் எண்ணி முடித்துவிட்டான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) நான் பேசவே வேண்டியதில்லை, தீர்ப்பை அவன் எழுதிவிட்டான். ஆனாலும் என்னை இவ்வளவு தூரம் பஸ் ஏற்றி அழைத்து வந்துவிட்டீர்கள். கொஞ்சம் பேசிவிட்டே போகிறேன்.

எதிரணியினர் எங்கள் மீது நான்கு குற்றச்சாட்டு வைத்தார்கள். ஒன்று, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் செலவு. இரண்டு, விளையாடினால் நேரம் வீண். மூன்று, இந்தக் காலத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது? நான்கு, நம்மைக் கரை சேர்த்தது புத்தகம்தானே, அதை மறக்கலாமா? நான்காவது கேள்வி இருக்கிறதே, அது நியாயமான கேள்வி. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றுக்கும் முதலில் கணக்கை முடித்துவிடுவோம்.

முதலில் செலவு. 'ஒரு தடவை மலைப்பிரதேசம் போய் வந்தேன், ஒரு மாதச் சம்பளம் போச்சு' என்றார் எதிரணி அண்ணன். அண்ணே, ரெண்டுங்கெட்டான் வயசுப் பிள்ளைக்கு மலைப்பிரதேசம் எதுக்கு? நாலு வயசுப் பிள்ளை ஊட்டிக்குப் போய் என்ன பார்க்கும் தெரியுமா? ஓட்டல் ரூமிலே ஃபேன் சுவிட்சைத்தான் பார்க்கும்! (சிரிப்பு) அதைப் பார்க்கக் கோவில்பட்டி போதுமே!

நான் கோவில்பட்டிக்காரி. கரிசல் காட்டிலே பிறந்தவள். எங்கள் ஊருக்கு யாராவது வந்தால், 'இங்கே பார்க்க என்ன இருக்கு?' என்று கேட்பார்கள். அருவி கிடையாது, கடல் கிடையாது. வெயில் ஒன்றுதான் தாராளமாகக் கிடைக்கும். (சிரிப்பு) ஆனால் சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நாள் புறப்பட்டுப் பாருங்கள். எந்தத் திசைக்குப் போனாலும் ஒரு பாடம் உட்கார்ந்திருக்கிறது.

மேற்கே கழுகுமலை. சாதாரண டவுன் பஸ் கிடைத்தால் அம்மாவுக்கு டிக்கெட்டே கிடையாது. 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம்தானே! கட்டுச்சோறு ஒரு தூக்குவாளி, தண்ணீர் ஒரு பாட்டில். ஆச்சா செலவு? மலையிலே ஏறும்போது படியை எண்ணச் சொல்லுங்கள். பிள்ளை முப்பது வரை எண்ணும், அப்புறம் மறந்துபோய் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். எண்ணட்டுமே! கால் ஏற ஏற, எண்ணும் ஏறுது. அதுதானே முதல் கணிதம்?

மேலே வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து செதுக்கியது. அதன் முன்னால் பிள்ளையை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'ஐயா, நம்ம வீட்டை எங்கேயிருந்து கட்டினாங்க?' 'கீழேயிருந்து.' 'இந்தக் கோயிலை?' அது யோசிக்கும். மேலே பார்க்கும், கீழே பார்க்கும். மேலே விமானம் முடிந்திருக்கிறது, கீழே வேலை முடியாமல் நிற்கிறது. 'அப்ப மேலேயிருந்து கீழே வெட்டியிருக்காங்க!' என்று கத்தும் பாருங்கள், அந்தக் கத்தல் இருக்கிறதே, அதற்குப் பெயர்தான் அறிவு! (கைதட்டல்) நூறு தடவை 'வெட்டுவான் கோயில் ஒற்றைக்கல் கோயில்' என்று எழுதிய பிள்ளைக்கு அந்தக் கத்தல் வருமா?

கொஞ்சம் தள்ளி அதே மலையில் வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள். பக்கத்திலே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவற்றிலே 'குரத்தியார்' என்று பெண் ஆசிரியர்களின் பெயர்கள் வருகின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் காட்டிலே டீச்சரம்மா இருந்திருக்கிறாள் ஐயா! அவள் வகுப்பறை எது? மலை! கூரை எது? வானம்! (கைதட்டல்)

வெட்டுவான் கோயில் ஏன் முடியாமல் நின்றது என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். வரலாறு இல்லை, வாய்மொழிக் கதை. அப்பாவும் மகனும் சிற்பிகள். இருவருக்கும் போட்டி. மகனுடைய உளிச் சத்தம் நன்றாகக் கேட்டது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் போட்டியிலே மகன் அப்பாவின் கையாலேயே செத்தான், கோயில் நின்றுபோனது என்பது கதை. நடுவர் அவர்களே, பிள்ளையைச் செதுக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு, 'அடுத்த வீட்டுப் பையன் ஏ, பி, சி, டி முடிச்சுட்டான், நீ இன்னும் அ, ஆ-விலேயே நிக்கிறியே' என்று உளியை ஓங்குகிற தகப்பன்மார் எல்லாரும் ஒரு தடவை கழுகுமலைக்குப் போய் வர வேண்டும். போட்டி போட்டால் கோயில் முடியாது, பாதியில் நிற்கும்! (பலத்த கைதட்டல்)

கிழக்கே போனால் எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு இருக்கிறது. 1947-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. பாப்பா பாட்டைப் பாடாத தமிழ்க் குழந்தை உண்டா? அந்தப் பாட்டிலே குழந்தைக்கு அவர் முதன்முதலில் இடுகிற கட்டளை என்ன? எழுது என்றா? மனப்பாடம் செய் என்றா? ஓடச் சொல்கிறார், விளையாடச் சொல்கிறார். படிப்பு பிறகுதான் வருகிறது. எங்கள் அணிக்குத் தலைவர் பாரதி! (கைதட்டல்)

இன்னொன்றும் சொல்கிறேன். பாரதி பிறந்தது 1882, டிசம்பர் 11. உலக நாடுகள் சேர்ந்து 1989-ல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை ஒன்று செய்தன. அதன் 31-ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று சொல்கிறது. சலுகை இல்லை சார், உரிமை! அந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்ட நாள் என்ன தெரியுமா? 1992, டிசம்பர் 11. சரியாக பாரதியின் நூற்றுப் பத்தாவது பிறந்தநாள்! (நீண்ட கைதட்டல்) எட்டயபுரத்துக்காரர் பாட்டிலே சொன்னதை, உலகம் சட்டத்திலே சொல்ல அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

தெற்கே போனால் கயத்தாறு. 1799, அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். என் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். சிலையைப் பார்த்துவிட்டு ஒரு பொண்ணு கேட்டாள், 'டீச்சர், வரின்னா என்னா டீச்சர்?' நான் விளக்கம் சொல்லவில்லை. கீழே உட்கார வைத்து ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்தேன். 'இது உங்க காட்டு விளைச்சல்' என்றேன். ஒரு சுற்று வந்து ஆளுக்கு நாலு கொட்டையை எடுத்துக்கொண்டேன். 'எதுக்கு டீச்சர் எடுக்கீங்க? நாங்கதான பாடுபட்டோம்?' என்று ஒரே கூச்சல். 'இதுக்குப் பேருதான் வரி' என்றேன். கழித்தல் கணக்கும் முடிந்தது, கட்டபொம்மனும் முடிந்தது! (சிரிப்பு, கைதட்டல்) கொட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் பஸ்சில் ஏறுவோம் என்று ஒரு பயல் நின்றுவிட்டான், அது வேறு கதை.

அடுத்து, 'விளையாடினால் நேரம் வீண்' என்றார் எதிரணி அக்கா. நன்றாகப் படித்தவர்கள். அவர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை படிக்கிறதே எல்.கே.ஜி., அதிலே வருகிற 'கே.ஜி.'க்கு என்ன அர்த்தம்? கிலோகிராம் இல்லை. (சிரிப்பு) ஆனால் பையைத் தூக்கிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது! (பலத்த சிரிப்பு) கிண்டர்கார்டன். ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியர் 1840-ல் வைத்த பெயர். குழந்தைகள் தோட்டம் என்று பொருள். கம்பளி நூல் பந்தும் மரக்கட்டையும் கொடுத்துப் பிள்ளைகளை விளையாட விட்டார். அவர் வைத்த தோட்டத்திலே இன்றைக்குச் செடி எங்கே? பூ எங்கே? தொட்டியிலே நட்டு, கழுத்திலே டை கட்டி நிறுத்தியிருக்கிறோம்!

அந்தப் பையின் பாரத்தைப் பற்றி நாடாளுமன்றத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் யார்? நம் சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயண். நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்குப் போனவர், 1989-ல் எழுந்து குழந்தைகளின் புத்தகச் சுமையைப் பற்றிப் பேசினார். அதன் பிறகுதான் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு போட்டார்கள், 1993-ல் அறிக்கை வந்தது. சுமையில்லாமல் கற்க வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் சாரம். அறிக்கை சுமையில்லாமல் அலமாரியில் ஏறிவிட்டது, பை மட்டும் பிள்ளை முதுகிலே நிற்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவிப் பார்க்க வைத்து எழுதக் கற்றுக்கொடுப்பது அவர் முறை. எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அதற்கு முன்னாலேயே மணலைப் பரப்பி விரலால்தானே எழுத வைத்தார்! விரல் பழகினால் எழுத்து பழகும். இத்தாலிக்காரிக்கும் தெரிந்தது, எங்கள் ஊர்த் திண்ணைக்கும் தெரிந்தது. எதிரணிக்கு மட்டும் தெரியவில்லை! (சிரிப்பு)

பல்லாங்குழியில் கூட்டலும் பகிர்தலும் இருக்கிறது. பாண்டியாட்டத்தில் ஒற்றைக்காலில் நிற்கிற சமநிலை இருக்கிறது. ஒத்தையா ரெட்டையா பிடித்தால் ஒற்றைப்படை, இரட்டைப்படை வந்துவிடுகிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். எனக்கு அது பின்னக் கணக்குக்கான குறியீடு! ஒரு பாளத்தை நாலு பேருக்குச் சமமாக உடைக்கச் சொல்லுங்கள். கால், அரை, முக்கால் எல்லாம் நாக்கிலேயே நிற்கும். தப்பாக உடைத்தால் பக்கத்துப் பிள்ளையே திருத்திவிடும், வாத்தியார் வேண்டாம்! (சிரிப்பு)

மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கரிசல் மண் ஈரம் கண்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரையிலே காட்டில் போனால் பாளம் பாளமாக வெடிப்பு. பிள்ளை கையில் ஒரு நூலும் ஒரு கல்லும் கொடுத்து, 'இந்த வெடிப்பு எவ்வளவு ஆழம்னு பாருய்யா' என்று சொல்லுங்கள். அரைமணி நேரம் உங்களுக்கு ஓய்வு! (சிரிப்பு) ஐப்பசி மழை பெய்த பிறகு அதே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். 'யம்மா, ஓட்டையைக் காணோம்!' என்று அது திகைக்கும். வெடிப்பு எங்கே போச்சு என்ற கேள்வி முளைக்கிறது. நாம் போடவில்லை, மண் போட்ட விதை அது. கார்த்திகை, மார்கழியில் உளுந்தும் பாசியும் கம்பும் பச்சைப் பசேலென்று நிற்கும். பருத்திப் பூ இன்றைக்கு வெளிறின நிறத்தில் பூத்தது நாளைக்குச் சிவப்பாக மாறும். அதைப் பிள்ளையே பார்த்துச் சொன்னால், அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அதை நிறுத்த முடியுமா பேச்சிலே?

மூன்றாவது குற்றச்சாட்டு, நேரம். புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிற வீடு, வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அன்றைக்கும் துணி துவைக்க வேண்டும். நியாயம்தான். நானும் அப்படிப்பட்ட வீட்டுக்காரிதான். ஆனால் வெளியே போவது என்றால் சுற்றுலா என்று ஏன் நினைக்கிறீர்கள்? ரேஷன் கடைக்குப் போகிறீர்களே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். தராசில் எடை போடுவதைப் பார்க்கட்டும். சந்தைக்குப் போனால், 'எது கனம், பூசணியா தேங்காயா?' என்று கேளுங்கள். பஸ்சில் போனால் கடைப் பலகையிலே 'க' எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். கரண்ட் போனால் விளக்கை ஏற்றிச் சுவரிலே கைநிழலால் மானும் நாயும் காட்டுங்கள். செண்பகவல்லி அம்மன் தேரோட்டத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போங்கள். 'இவ்வளவு பெரிய தேரை எப்படி நிப்பாட்டுறாங்கப்பா?' என்று கேட்கும். கட்டை போட்டு நிறுத்துவதைக் காட்டுங்கள். அது எத்தனை பெரிய பாடம்!

'எல்லாம் செல்போனிலேயே வருதே' என்றார் எதிரணியிலே ஒரு தம்பி. வருது தம்பி. மாம்பழம் வருது, மணம் வருதா? மழை வருது, நனையுதா? (கைதட்டல்) சின்னப் பிள்ளைக்குப் பேச்சு வளர்வது எப்படி? அது ஒன்று சொல்ல, நாம் ஒன்று சொல்ல, திரும்ப அது ஒன்று கேட்க. இந்தப் பந்தாட்டத்தில்தான் வளர்கிறது. போன் பந்தை வீசிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பிள்ளை திருப்பி எறிகிற பந்தைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

நடுவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். (சிரிப்பு) நான்காவது கேள்விக்கு வந்துவிட்டேன் ஐயா. அதைச் சிரிக்காமல் பேச வேண்டும்.

'நம்மைக் கரை சேர்த்தது புத்தகம்தானே?' என்றார் எதிரணித் தலைவர். இந்தக் கேள்வியை எங்கள் ஊரிலே கேட்டால் சிரிக்க முடியாது. ஏனென்றால் எங்கள் ஊர் தீப்பெட்டி ஊர்.

நான் சிறுமியாக இருந்தபோது, விடிவதற்கு முன்னால் தெருமுனையிலே பஸ் வந்து நிற்கும். பள்ளிக்கூட பஸ் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ் பஸ். என்னோடு பாண்டி விளையாடிய பிள்ளைகள் தூக்குவாளியோடு அதிலே ஏறிப் போவார்கள். கட்டை அடுக்குவார்கள், பெட்டி ஒட்டுவார்கள், லேபிள் ஒட்டுவார்கள். இருட்டிய பிறகு இறங்கி வருவார்கள். எங்கள் தெருவிலே ஒருத்தி, என்னைவிட ஒரு வயசு இளையவள். பார்க்காமலே அம்பது குச்சியைக் கையால் அள்ளுவாள், எண்ணிப் பார்த்தால் அம்பதுதான் இருக்கும். அவளுக்கு எண் தெரியும் ஐயா. நான் படித்த எந்தப் பிள்ளையையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் அவள் விளையாடி நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். 'வாடி' என்று கூப்பிட்டால், 'கை வலிக்குக்கா' என்பாள்.

(அரங்கில் அமைதி)

இந்தக் காட்டின் எழுத்தாளர்கள் அதைச் சும்மா விடவில்லை. எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' என்று படமே எடுத்தார். இடைசெவல் கி.ராஜநாராயணன், பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், மழைக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடத்திலும் மழையைத்தான் பார்த்தேன் என்ற பொருள்படச் சொன்னவர், பின்னாளில் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராகப் போனவர், 'கதவு' என்று ஒரு கதை எழுதியிருக்கிறார். ஏழை வீட்டுப் பிள்ளைகள். பஸ் ஏற வழியில்லை. வீட்டுக் கதவுதான் அவர்களுக்கு பஸ்! ஒருத்தர் டிக்கெட் கொடுக்க, மற்றவர்கள் கதவிலே தொற்றிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். தெருவில் கிடந்த தீப்பெட்டிப் படத்தை அந்தக் கதவிலே ஒட்டி அழகு பார்க்கிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெரியவர்களுக்குப் போனது ஒரு மரக்கதவு. பிள்ளைகளுக்குப் போனது பஸ், பயணம், ஊர், உலகம் எல்லாம். அந்தக் கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு குழந்தையின் விளையாட்டைப் பறிப்பது எவ்வளவு பெரிய ஜப்தி என்று! (நீண்ட கைதட்டல்)

பிறகு காலம் மாறியது. 1956-லேயே காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இதே எட்டயபுரத்தில்தான். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016 திருத்தத்தில் பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று ஆனது, குடும்பத்துக்கு ஒத்தாசை தவிர. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். சோறும் சட்டமும் புத்தகமும் சேர்ந்துதான் அவர்களை அந்த பஸ்சிலிருந்து இறக்கின. அதை மறுக்க நான் யார்? புத்தகத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இந்தப் பக்கம் நின்று பேசுகிறேன்.

ஆனால், நடுவர் அவர்களே, இன்றைக்கு என்ன நடக்கிறது? அன்று கட்டை அடுக்கிய அந்தப் பெண் இன்றைக்குப் பாட்டி. தன் பேரனை விடிவதற்கு முன்னால் எழுப்புகிறாள். ஆறரைக்கு டியூஷன், எட்டரைக்கு வேன், சாயங்காலம் மறுபடியும் டியூஷன், ராத்திரி ஹோம்வொர்க். பேரனுக்கு வயசு அஞ்சு! நான் கேட்டேன், 'ஏம்மா, அவனைக் கொஞ்சம் விளையாட விடக்கூடாதா?' அவள் சொன்னாள், 'அக்கா, நான் விளையாடல. அதனால சாகலையே. இவன் எப்படியாவது படிச்சு மேல வந்துரணும். மறுபடியும் அந்த ஆபீஸ் வாசல்ல எங்க வீட்டு ஆளு நிக்கக் கூடாது.'

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் பயம் வயிற்றிலிருந்து வருகிற பயம். எதிரணித் தலைவரே, உங்கள் வாதத்துக்குள்ளேயும் இருப்பது அந்தப் பயம்தான். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையின் கையைப் பாருங்கள். அன்றைக்கு அவள் கையில் குச்சி. இன்றைக்கு அவன் கையில் பென்சில். அவள் கட்டையில் அடுக்கினாள், இவன் நாலு கோடு நோட்டில் அடுக்குகிறான். அவளும் 'கை வலிக்கு' என்றாள், இவனும் 'கை வலிக்கு' என்கிறான்! (பலத்த கைதட்டல்) பெட்டி மாறியிருக்கிறது ஐயா, அடைப்பு மாறவில்லை.

அவளிடம் நான் தத்துவம் பேசவில்லை. அவள் வீட்டிலேயே காலித் தீப்பெட்டி கிடந்தது. இரண்டு பெட்டியை எடுத்தேன், நடுவிலே நூலைக் கோத்தேன், இழுத்துப் பிடித்து ஒன்றைப் பேரன் காதில் வைத்தேன், இன்னொன்றைப் பாட்டி வாயில் வைத்தேன். 'பேசும்மா' என்றேன். அவளுக்கு என்ன பேச என்று தெரியவில்லை. 'ஏலே, சாப்பிட்டியாலே?' என்றாள். (சிரிப்பு) அவன் துள்ளிவிட்டான்! 'ஆச்சி, நூலுக்குள்ள நீ பேசுறது கேக்குது! எப்படி ஆச்சி?' நூல் தொய்ந்தால் கேட்கவில்லை, இழுத்தால் கேட்கிறது. அவனே இழுத்தான், தளர்த்தினான், மறுபடி இழுத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் போனான். ஒலி அதிர்வாகப் பயணம் செய்கிறது என்பதைப் பெரிய வகுப்பிலே படிக்கப் போகிறான். அன்றைக்கு அவனுக்கு அது பாடமாக வராது, பழைய சிநேகிதனாக வரும்! (கைதட்டல்)

அப்புறம் அந்தப் பாட்டி தானே பத்துத் தீப்பெட்டியை நூலில் கோத்து ரயில் செய்தாள். இந்தப் பெட்டியில் புளியங்கொட்டை, அந்தப் பெட்டியில் சோளம், கடைசிப் பெட்டியில் எறும்பு! (சிரிப்பு) கோவில்பட்டியிலிருந்து புறப்பட்டு அடுப்படி ஜங்ஷன், திண்ணை ஜங்ஷன் எல்லாம் போனது. 'ஒரு பெட்டிக்கு அஞ்சு கொட்டைன்னா மூணு பெட்டிக்கு எத்தனைலே?' என்று அவள்தான் கேட்டாள், நான் இல்லை. அவன் 'பதினஞ்சு' என்றான். அவள் விரல்களை நான் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வேலைக்காக மட்டும் தீப்பெட்டியைத் தொட்ட விரல்கள், முதல் தடவையாக அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தன.

(நீண்ட கைதட்டல்)

விளையாட விட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. எங்கள் ஊர் பெரியவர்கள் புழுதியிலே கம்பைப் பிடித்து ஹாக்கி வளர்த்தார்கள். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினாரே மாரீஸ்வரன் சக்திவேல், அவர் எங்கள் கோவில்பட்டிக்காரர்! (கைதட்டல்) அரசாங்கமே 2022-ல் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' என்று ஆடல், பாடல், பொம்மலாட்டத்தோடு கற்பிக்கத் திட்டம் கொண்டுவந்தது. அதனால் என் வகுப்பிலே சத்தம் கூடிவிட்டது உண்மை. ஆனால் லீவு போடுகிற பிள்ளை குறைந்துவிட்டது, அதுவும் உண்மை.

ஆகவே நடுவர் அவர்களே, நான் புத்தகத்தை எரிக்கச் சொல்லவில்லை. பையை வீசச் சொல்லவில்லை. எட்டு வயசு வரைக்கும் புழுதி முன்னே போகட்டும், புத்தகம் பின்னே வரட்டும் என்கிறேன். காலால் ஓடி, கையால் தொட்டு, வாயால் ஆயிரம் கேள்வி கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத்தான் புத்தகத்தைத் திறக்கும்போது உள்ளே தெரிந்த முகங்கள் தெரியும். மற்றப் பிள்ளைக்கு அது வெறும் தாள். புத்தகம் விளக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிய நெருப்பு வேண்டுமே! தீக்குச்சி ஊரிலிருந்து வந்தவள் சொல்கிறேன், குச்சியைப் பெட்டிக்குள்ளேயே எத்தனை அழகாக அடுக்கி வைத்தாலும் நெருப்பு வராது. வெளியே எடுத்து உரசினால்தான் வரும்! (பலத்த கைதட்டல்)

பிள்ளைகளை வெளியே எடுங்கள் ஐயா. மண்ணோடு, மலையோடு, மனிதரோடு உரச விடுங்கள். பற்றிக்கொள்ளும்.

சின்னஞ்சிறு பிள்ளைகளின் அறிவு வளர்வது பெரிதும் புழுதித் தெருவிலேதான் என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.